மின்சாரத்தைச் சேமித்து வைத்தலும் இறவைப் பாசனமும்

அறுவடையான நெல்லைப் பத்தாயத்தில் கொட்டி ஆறு மாதம் கழித்து எடுக்கலாம். வைக்கோலைப் போர் போட்டு வைக்கலாம். மழைநீரை ஏரியில் தேக்கலாம். மின்சாரம் மாத்திரம் அவ்விதம் காத்திருக்கும் சரக்கன்று. எந்த விநாடியில் எவ்வளவு செலவாகிறதோ, அதே விநாடியில் அவ்வளவும் எங்கேனும் ஓரிடத்தில் உற்பத்தியாகிக்கொண்டிருத்தல் வேண்டும். உற்பத்தி குறைந்தால், விநாடிக்கு 50 சுற்று என்று ஓட வேண்டிய மின்னோட்டம் மந்தப்படும், மிகுந்தால் வேகங்கொள்ளும். இந்தியாவில் இதனை 49.90 முதல் 50.05 வரை உள்ள எல்லைக்குள் வைத்திருக்க வேண்டுமென்பது விதி. எல்லையை மிகவும் கடந்தால் உற்பத்தி நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ளும்பொருட்டு ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். பின்னர் ஊரெல்லாம் இருள்தான்.

இதுகாறும் இந்தச் சிரமத்தை விவசாயிகள் அறியாதிருந்தமைக்குக் காரணம் உண்டு. நிலக்கரி நிலையத்தின் முற்றத்தில் கிடக்கும் கரிக்குவியலே ஒரு சேமிப்பு. தேவை கூடினால் அடுப்பில் அதிகம் தள்ளுவார்கள். 1932இல் பைக்காராவிலும், 1937இல் மேட்டூரிலும், 1944இல் பாபநாசத்திலும் மின்சாரம் எடுக்கத் தொடங்கியபொழுது, அணைக்குப் பின்னால் நின்ற நீரே சேமிப்பாயிற்று. மதகைத் திறப்பதும் மூடுவதும் மனிதன் கையில் இருந்தன. வெயிலும் காற்றும் அத்தகையன அல்ல. அவை வரும்பொழுது வாங்கிக்கொள்ள வேண்டும். வராதபொழுது கேட்டுப் பயனில்லை.

நிலக்கரிப் புகையிலுள்ள கரியமில வாயு பூமியின் உஷ்ணத்தை உயர்த்துகிறதென்பது இன்று ஐயத்துக்கு இடமில்லாத விஷயம். பருவமழை தவறுதலும், ஒரே நாளில் கொட்டித் தீர்த்தலும், பூக்கும் பருவத்தில் உஷ்ணம் ஏறி நெல் பதராதலும் எவ்வளவு நஷ்டமென்பதை உழவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. இவ்வாயுவை 2070ஆம் ஆண்டுக்குள் நிகரமாக இல்லாமற் செய்வதாக இந்திய சர்க்கார் 2021இல் கிளாஸ்கோ மகாநாட்டில் அறிவித்தனர். 2030க்குள் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு சாராத மின்னுற்பத்தித் திறனை 5 லட்சம் மெகாவாட் ஆக்குவதும் அவ்வறிவிப்பில் அடங்கும். 2025ஆம் ஆண்டின் நடுவில் நாட்டின் நிறுவப்பட்ட திறனில் பாதி இவ்வகையைச் சேர்ந்ததாகிவிட்டது. ஆயினும் திறன் வேறு, மகசூல் வேறு. நூறு ஏக்கர் மானாவாரியும் நூறு ஏக்கர் நஞ்சையும் அடங்கலில் ஒரே அளவாய்த் தோன்றும். களத்துமேட்டில் அவ்வாறு தோன்றா. சூரியத் தகடு இரவு முழுதும் சும்மா இருப்பதால், உண்மையில் உற்பத்தியாகும் யூனிட்டுகளில் பெரும்பங்கு அவ்வாண்டிலும் நிலக்கரியிலிருந்தே வந்தது.

நாடு முழுவதையும் ஒரே கம்பியால் இணைத்துவிட்டால் ஓரிடத்துக் குறைவை வேறிடத்து மிகுதி நிரப்பாதா என்று கேட்கலாம். ஓரளவுக்கு நிரப்பும். தென்னிந்தியா 2013 டிசம்பர் 31ஆம் தேதி, ராய்ச்சூர் சோலாப்பூர் பெருந்தடத்தின் வழியாக ஏனைய பாரதத்துடன் ஒரே சுற்றோட்டத்தில் இணைந்தது. காற்று வீசும் காலத்தில் உபரியை வடக்கே அனுப்பவும், குறைந்த காலத்தில் வாங்கவும் அது பெரிதும் உதவுகிறது. ஆனால் அருணாசலத்தில் சூரியன் அஸ்தமித்து இரண்டு மணி நேரத்துக்குள் குஜராத்திலும் அஸ்தமித்துவிடுகிறது. இராத்திரி என்பது நாடு முழுமைக்கும் ஏறத்தாழ ஒருங்கே வருவது. அந்த இராத்திரியில் விளக்கும் விசிறியும் எரிய வேண்டும். ஆலை ஓட வேண்டும். பழக்கத்தினால் பம்புகளும் ஓடுகின்றன.

2024 மே மாதம் 30ஆம் தேதி இந்தியாவின் உச்சத் தேவை ஏறத்தாழ 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. இத்தகைய தேவையை ஈடுசெய்ய எவ்வளவு சேமிப்பு வேண்டும் என்பதை மத்திய மின்சார ஆணையம் 2023இல் வெளியிட்ட தேசிய மின்சாரத் திட்டத்தில் கணக்கிட்டிருக்கிறது. 2031-32ஆம் ஆண்டில் சேமிப்பு நிலையங்களின் திறன் ஏறத்தாழ 74,000 மெகாவாட்டும், அவை ஒருமுறை நிரம்பினால் கொள்ளும் அளவு ஏறத்தாழ 41 கோடி யூனிட்டும் இருத்தல் வேண்டுமாம். இங்கே இரண்டு அளவுகள் கூறப்படுவதைக் கவனிக்க வேண்டும். மெகாவாட் என்பது மதகின் அகலம்; யூனிட் என்பது ஏரியின் கொள்ளளவு. அகன்ற மதகுள்ள சிறிய ஏரி ஒரு நாழிகையில் வடிந்துவிடும். சேமிப்பைப் பற்றிப் பேசுவோர் பலர் மதகின் அகலத்தை மாத்திரம் சொல்லிவிட்டு ஏரியை மறந்துவிடுகின்றனர்.

மேற்கூறிய திறனில் ஏறத்தாழ 26,700 மெகாவாட் நீரேற்று நிலையங்களிலும், 47,200 மெகாவாட் மின்கலங்களிலும் கிடைக்க வேண்டுமென்பது மதிப்பீடு. நீரேற்று நிலையம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ஆனைமலையில் காடம்பாறை நிலையம் 100 மெகாவாட் யந்திரங்கள் நான்கினைக் கொண்டு 1987 முதல் 1989க்குள் வேலைக்கு வந்தது. மேலே காடம்பாறை ஏரி, கீழே மேல் ஆளியாறு ஏரி. இடையில் மலையைக் குடைந்து யந்திரசாலை. மின்சாரம் மிகுந்திருக்கும் வேளையில் கீழேரி நீரை மேலே ஏற்றுவர். தேவை மிகுந்த வேளையில் அதே நீரைக் கீழே விட்டு, அதே யந்திரங்களைக் கொண்டு மின்சாரம் எடுப்பர். கவலை இறைத்து மேட்டுத்தொட்டியை நிரப்பி, பிறகு வாய்க்காலில் விடுவதற்கும் இதற்கும் தத்துவத்தில் பேதமில்லை. நான்கு யூனிட் செலவிட்டு ஏற்றினால் மூன்று யூனிட் திரும்பக் கிடைக்கும். ஒன்று யந்திரத்திலும் குழாயிலும் நஷ்டமாகும். இவ்வகை நிலையங்களைக் கட்டத் தொடங்கிய நாட்களில், நிலக்கரி யந்திரங்களை நள்ளிரவில் அணைக்க இயலாமையால் மிஞ்சிய மின்சாரத்தைக் கொண்டு இரவில் நீரேற்றுவதும், பகலிலும் மாலையிலும் இறக்குவதும் முறையாய் இருந்தது. சூரிய மின்சாரம் பெருகப் பெருக இம்முறை தலைகீழாகிறது. மத்தியானமே நீரேற்றும் வேளை.

நீலகிரியில் போர்த்திமந்து ஏரியை மேலேரியாகவும், அவலாஞ்சி எமரால்டு ஏரியைக் கீழேரியாகவும் கொண்டு, குந்தா நீரேற்று நிலையம் என்ற பெயரால் 500 மெகாவாட் அளவில் மற்றொன்று திட்டமிடப்பட்டு வேலை நடந்து வந்திருக்கிறது. ஆனால் இரண்டு ஏரியும், நடுவில் நல்ல உயரமும், காட்டுக்கும் குடிகளுக்கும் கேடில்லாத இடமும் ஒருங்கே வாய்ப்பது அரிது. உயரம் ஏன் வேண்டுமென்றால், ஆயிரம் லிட்டர் நீரை 367 மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,200 அடி ஏற்றினால்தான் அதில் ஒரு யூனிட் அடங்கும். பத்தடிக் கரையுள்ள ஊரேரியை மின்சேமிப்பாக்கலாமென்று எவரேனும் யோசனை சொன்னால், இக்கணக்கைப் போட்டுக் காட்டினாற் போதும்.

மின்கலங்களைப் பற்றி நீட்ட வேண்டுவதில்லை. டிராக்டரில் உள்ள ஈயக் கலத்தைப் பலரும் அறிவர். பெருநிலையங்களில் இப்பொழுது வைக்கப்படுபவை பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலங்கள். பத்து யூனிட் நிரப்பினால் எட்டரை முதல் ஒன்பது வரை திரும்பும். கண் இமைக்கும் நேரத்துக்குள் வேலைக்கு வரும். ஓராண்டுக்குள் நிறுவிவிடலாம், மலையும் வேண்டாம், ஏரியும் வேண்டாம். சில ஆண்டுகளாக இவற்றின் விலை வெகுவாகக் குறைந்து வந்திருக்கிறது. ஆனால் இரண்டு முதல் நான்கு மணி நேரச் சேமிப்புக்கே இவை ஏற்றவை. ஏறியிறங்கும் ஒவ்வொரு தடவையும் ஆயுள் சிறிது குறையும். சில வருஷங்கள் சென்றபின் மாற்ற வேண்டும். அச்செலவு எவ்வழியிலேனும் மின்சார விலையிலோ, அதனை இலவசமாகக் கொடுக்கும் சர்க்காரின் பொக்கிஷத்திலோ வந்து சேரும்.

இந்த இடத்தில்தான் இறவைப் பாசனம் செய்வோரின் பங்கு தொடங்குகிறது. 5 குதிரைச் சக்தி மோட்டார் மணிக்கு ஏறத்தாழ நாலரை யூனிட் வாங்கும். நூறு கிணறுள்ள ஒரு கிராமத்தில் இரவில் ஆறு மணி நேரம் எல்லாம் ஓடினால் 2,700 யூனிட் ஆகும். டிராக்டரில் வைப்பது போன்ற 12 வோல்ட், 100 ஆம்பியர் மணிக் கலம் ஒன்றில் 1.2 யூனிட்டே அடங்குமாதலால், ஒரு கிராமத்தின் ஓர் இரவுக்கு அத்தகைய கலங்கள் 2,250 வேண்டும். தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புகள் 20 லட்சத்துக்கு மேற்பட்டவை. கணக்குக்காக அவற்றை 20 லட்சம் என்றும், ஒவ்வொன்றும் 5 குதிரைச் சக்தி என்றும் வைத்துக்கொண்டால், ஆறு மணி நேரத்துக்கு 5 கோடியே 40 லட்சம் யூனிட் ஆகிறது. 2031-32இல் நாடு முழுமைக்கும் வேண்டுமென்று கூறிய 41 கோடியில் இது எட்டில் ஒரு பங்குக்கும் மேல். எல்லா மோட்டாரும் ஒரே இரவில் ஓடுவதில்லை என்பதும், எல்லாம் ஒரே அளவின அல்ல என்பதும் உண்மையே. ஆயினும் விஷயத்தின் பருமன் இதனால் விளங்கும். இதே நீரைப் பகல் பத்து மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் இறைத்தால், சேமிப்புக்கென்று ஒரு கலமும் வேண்டுவதில்லை.

காரணம் யாதெனில், விளக்குக்கு மின்சாரம் அந்த நேரத்திலேயே வேண்டும். பயிருக்கு வேண்டுவதோ மின்சாரமன்று, நீர். நீரைச் சேமிப்பது எளிது. ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குலம் நீர் என்பது ஒரு லட்சத்து மூவாயிரம் லிட்டர் அளவாகும். 50 அடி ஆழத்திலிருந்து இதனை இறைக்க, பம்பும் மோட்டாரும் சேர்ந்து நூற்றுக்கு 40 பங்கு திறமையுடன் வேலை செய்வதாகக் கொண்டால், பத்து யூனிட்டுக்குச் சற்று மேலாகும். நனைந்த மண்ணே அந்தப் பத்து யூனிட்டின் பயனை வைத்திருக்கும் பத்தாயம். கரிசல் மண் பல நாள் தாங்கும். செம்மண், மணற்சாரி நிலங்கள் அவ்வாறு தாங்கா. சொட்டுநீர் போட்டிருப்பவர்கள் அடிக்கடி நீர் விட வேண்டும். இவர்களுக்குத் தொட்டியோ குட்டையோ அவசியமாகலாம்.

இங்கேயே மற்றொரு கணக்கையும் பார்த்தல் நலம். அதே ஓர் அங்குல நீரை 600 அடி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுத்தால், பத்து யூனிட் போதாது. ஏறத்தாழ 125 யூனிட் வேண்டும். நீர்மட்டம் இறங்க இறங்கப் பயிரின் தாகம் மாறுவதில்லை. மின்சாரத்தின் தாகமே பன்னிரண்டு மடங்காகிறது. நாட்டுக்கு எத்தனை மின்கலம் வேண்டும் என்ற கேள்விக்கு விடையின் ஒரு பகுதி கிணற்றின் ஆழத்தில் கிடக்கிறதென்றால் மிகையாகாது. ஏரியைத் தூர் வாரி நிலத்தடி நீரைப் பத்தடி உயர்த்தும் ஊர், தான் அறியாமலே மின்சாரத்தையும் மிச்சப்படுத்துகிறது.

பகல் இறவையில் உள்ள இடையூறுகளை மறைக்கலாகாது. கோயம்புத்தூர், சேலம், தருமபுரி முதலிய பாறை நிலப் பிரதேசங்களில் திறந்த கிணறுகள் இரண்டு மூன்று மணி நேரத்தில் வற்றி, மறுபடி ஊற நெடுநேரம் ஆகும். அங்கே தொடர்ச்சியாக எட்டு மணி நேரம் மின்சாரம் கொடுத்தும் பாதி வீண். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை என்று இறைத்து வந்தவர்களிடம் பகலில் மட்டும் இறைக்கச் சொன்னால் பாசனப் பரப்பு குறையும். இவர்களுக்குப் பொருந்துவது கிணற்றின் ஊற்றுக்கு ஏற்ற சிறிய மோட்டார். மூன்று குதிரைச் சக்தி மோட்டார் மெதுவாகப் பகல் முழுதும் ஓடினால், ஊறுவதும் இறைப்பதும் சமமாய்ச் செல்லும். பெரிய மோட்டார் வைத்தால் நீர் பெருகும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மோட்டார் நீரை உண்டாக்குவதில்லை.

உச்சி வெயிலில் பாய்ச்சினால் ஆவியாகி வீணாகுமென்பதும், இளநாற்றுக்கு ஆகாதென்பதும் மற்றோர் ஆட்சேபம். இதில் நியாயமுண்டு. பகலில் தொட்டியை நிரப்பி, வெயில் தாழ்ந்தபின் மதகைத் திறந்துவிடுதலே இதற்குப் பரிகாரம். ஆனால் தொட்டியை உயரத்தில் கட்டும்பொழுது யோசிக்க வேண்டும். 50 அடியிலிருந்து இறைக்கும் நீரை இன்னும் 10 அடி மேலே ஏற்றினால், செலவு நூற்றுக்கு 20 பங்கு கூடும். வயலின் மேட்டுக்கோடியிலேயே தரைமட்டத்தில் அகலமாகக் கட்டுவது மேல். அகன்ற குட்டையானால் கோடையில் ஆவியாதல் மிகும். ஆழம் கூட்டி வாயைச் சுருக்குவது நல்லது.

இரவில் மும்முனை மின்சாரம் வரும் முறையில் விவசாயி படும் துன்பம் வேறு வகையானது. நள்ளிரவில் வரப்பில் நடந்து மோட்டார் போடப் போய்ப் பாம்புக்கும் பன்றிக்கும் இரையானோரும், ஈரக்கையால் சுவிட்சைத் தொட்டு மாண்டோரும் உண்டு. இதற்கஞ்சித் தானே ஓடும் சாதனத்தை மாட்டிவிட்டு உறங்கப் போவோர் பலர். மின்சாரம் வந்ததும் மோட்டார்கள் யாவும் ஒருங்கே கிளம்ப, அழுத்தம் தாழ்ந்து மின்மாற்றி எரிகிறது. வயல் நிரம்பிய பின்னும் நீர் ஓடுகிறது. குஜராத்தில் 2003 முதல் 2006 வரை வீடுகளுக்கும் பம்புகளுக்கும் மின்தடங்களைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். பின்பு 2020இல் காலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடையே விவசாயத்துக்கு மின்சாரம் தரும் கிசான் சூர்யோதயத் திட்டத்தைத் தொடங்கினார்கள். தடம் பிரிந்திராவிட்டால் பகல் மின்சாரத்தைப் பம்புகளுக்கு மட்டும் கொடுக்க வழியில்லை.

சூரியப் பம்புகளைப் பற்றிய ஓர் எச்சரிக்கையும் அவசியம். 2019இல் தொடங்கிய பிரதம மந்திரி குசும் திட்டத்தில் தனித்து நிற்கும் சூரியப் பம்புக்கு மானியம் உண்டு. அத்தகடு போட்டபின் ஒவ்வொரு யூனிட்டும் இனாம். வெயில் உள்ளவரை ஓட்டலாம், மிச்சப்படுத்தியும் ஆதாயமில்லை. கிணறு வற்றுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. அத்திட்டத்திலேயே மற்றொரு பிரிவில், மின்தடத்தோடு இணைந்த பம்புக்குத் தகடு வைத்து, பயிருக்குப் போக எஞ்சியதை விற்கவும் இடமுண்டு. குஜராத்தில் கேடா ஜில்லாவைச் சேர்ந்த துண்டி கிராமத்து விவசாயிகள் 2016இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, இவ்வாறு மின்சாரம் விற்கத் தொடங்கினர். விற்கலாமென்றால் நீரை வீணாக இறைக்க ஒருவரும் முன்வரார். மானியம் கேட்டு மனுச் செய்வோர் இவ்விரண்டு பிரிவின் பேதத்தை நன்கு விசாரித்தறிந்து கையொப்பமிடுவது நல்லது.

இதுவரை கூறியது நாள்தோறும் நேரும் ஏற்றத்தாழ்வு. மாதக்கணக்கில் நேரும் ஏற்றத்தாழ்வு வேறு. தமிழ்நாட்டில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வழியே வைகாசி முதல் புரட்டாசி வரை காற்று வலுத்து வீசும். அக்காலத்தில் காற்றாலைகள் உற்பத்தி செய்வதைத் தைமாதத்துக்கென்று மின்கலத்தில் எடுத்து வைக்க இயலாது. அவ்வளவு பெரிய பத்தாயம் ஒருவரிடமும் இல்லை. காற்றாலை உடையோரின் ஆடிமாத உற்பத்தியைக் கணக்கில் வரவு வைத்துப் பிற்பாடு கொடுக்கும் ஏற்பாடு இம்மாநிலத்தில் நெடுங்காலம் வழங்கி வந்ததுண்டு. அது பேரேட்டில் உள்ள சேமிப்பேயன்றி உண்மைச் சேமிப்பன்று. திருப்பித் தரும் யூனிட்டை அப்பொழுது வேறோர் அடுப்பில் எரித்தே தர வேண்டும். காற்று வீசும் மாதங்களில் மலையிலுள்ள நீர்த்தேக்கங்களின் நீரைத் தொடாமல் வைத்திருந்து, காற்று ஓய்ந்தபின் செலவிடுவதே இதற்கு இப்பொழுதுள்ள மெய்யான வழி. பாசனத்துக்கென்று நாள் குறித்துத் திறக்கும் அணைகளில் அதற்கும் இடமில்லை. அங்கே பயிரே முந்தியது.

நல்வாய்ப்பாக, இறவைத் தேவை வெயிலோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடித் தகடுகள் சோர்ந்திருக்கும். அப்பொழுது வடகிழக்குப் பருவமழை பம்புகளை ஓய வைக்கும். மாசி முதல் சித்திரை வரை காற்றில்லை, வெயில் கடுமை. பயிரும் அப்பொழுதே அதிகம் கேட்கும்.

கிராம அதிகாரிகளுக்கு வேண்டிய சில விவரங்கள் எஞ்சியுள்ளன. குசும் திட்டத்தின் முதற்பிரிவில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையுள்ள சூரிய நிலையங்களைத் தரிசு நிலத்தில், துணை மின்நிலையத்துக்கு அண்மையில் அமைக்கலாம். ஒரு மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர் வரை பிடிக்கும். மின்கலங்களுக்கு இதில் மிகச் சிறு பங்கே போதும். அவை துணை மின்நிலையத்தை ஒட்டியே வரும். இடம் கேட்டு வருவோர்க்கு அடங்கலில் தரிசு என்று எழுதியதை மாத்திரம் நம்பிச் சான்று அளித்துவிடலாகாது. மேய்ச்சல் நிலம், ஏரி நீர்ப்பிடிப்பு, ஓடைப் புறம்போக்கு ஆகியவை பார்வைக்குச் சும்மா கிடப்பவையே. நீர்ப்பிடிப்பை அடைத்துத் தகடு போட்டால் கிணற்றின் ஆழம் கூடும். அதன் கணக்கு மேலே காட்டப்பட்டது. மின்கலச் சாலைகளைக் குடியிருப்புக்கும் வைக்கோற் போருக்கும் விலக்கி, தீயணைக்கும் வண்டி சென்று திரும்பத்தக்க பாதையுள்ள இடத்தில் வைக்கச் செய்தல் வேண்டும்.

பம்புகளின் நேரத்தைப் பகலுக்கு மாற்றுவதென்று அறிவிப்பு வரும் ஊர்களில், நேரம் நிர்ணயமாகுமுன் கிணறுகளின் ஊற்று விவரத்தைச் சேகரித்து வைத்தல் மிகவும் உபயோகமாகும். ஒவ்வொரு கிணற்றுக்கும் சர்வே நம்பர், ஆழம், மோட்டாரின் குதிரைச் சக்தி, சித்திரை மாதத்தில் எத்தனை மணி நேரத்தில் வற்றுகிறது, எத்தனை மணி நேரத்தில் ஊறுகிறது என்னும் ஐந்து விவரங்கள் போதும். விரைவில் வற்றும் கிணறுகள் மிகுந்த தடத்துக்குக் காலை ஏழு முதல் பத்து வரையும், பிற்பகல் ஒன்று முதல் நாலு வரையும் என்று இரு தவணையாக மின்சாரம் கேட்கலாம். அந்தப் பட்டியலின் ஒரு பிரதியை மின் பகிர்மான அலுவலகத்தின் பிரிவுப் பொறியாளரிடமும், மற்றொன்றை வேளாண்மை விரிவாக்க மையத்திலும் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வைக்க வேண்டும்.